தமிழினியை யாரு தூக்கறது?

எருமப்பட்டி
8.7.2024

தம்பி நாச்சிமுத்துவுக்கு அக்கா சாரதாமணி எழுதறது. இங்க மச்சான், தமிழினி, பண்ணையில இருக்கற கோழிக அத்தனையும் சொகம். அங்க நீயும் உன்ற பொண்டாட்டி தமிழ்ச்செல்வியும் எப்படி இருக்கறீங்க? உன்ற சக்கரை அடங்கி இருக்குதா?

இதென்ன திடீர்னு லெட்டர்னு முழிக்காத. போன மாசம் தமிழினி நிச்சயத்துக்கு நீ வரலைன்னு நான் போன்ல கத்த, நீயும் திருப்பிக் கத்த, "இனி உன்ற போனை எடுத்தா மாரியாத்தா என்னையக் கேக்கட்டும்"னு சொல்லிப் போட்டேன். நீ என்ன லேசுப்பட்டவனா? "நானும் பண்ணமாட்டேன், ஆத்தா மேல சத்தியம்"னுட்டே. சொன்னது சொன்னதுதான். ஆனா லெட்டரைப் பத்தி ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல. அதனால திருச்செங்கோட்டு ஆபீசுல இருந்து உன்ற கேம்ப்புக்கு போர் போடற ரிக்கு சாமான் ஏத்திட்டு வார டிரைவர் அன்பழகன் கிட்ட இதைக் குடுத்து உடறேன்.

அவன்தான் சொன்னான். சோலி ஜாஸ்தின்னு நீ சொன்னது பொய்யாமா. கால் ஊண முடியாமத்தான் வரலையாமா. ஏன்டா, இதை எங்கிட்டச் சொன்னா உனக்குக் கிரீடம் எறங்கிருமா?

மாப்பிள்ளை மதன் நல்ல பையன், திருச்செங்கோட்டுல காலேஜ் வாத்தியாரு. அவங்க அப்பாரு தவறி இன்னும் வருசம் திரும்பல. அதனால கண்ணாலம் அடுத்த வைகாசியில. நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லுவேன். பொண்ணைத் தாய்மாமன் ரெண்டு கையிலயும் ஏந்தி, மண்டப வாசல்ல வெக்கற நாட்டுக்கல்லை ஒரு சுத்துச் சுத்தி, மணவறையில கொண்டுவந்து எறக்கோணும். அதுவரைக்கும் அவ காலு மண்ணுல படக்கூடாது. என்ற தம்பி தூக்குவான், சிங்கமாட்டம் வருவான்னு சம்பந்தி ஊட்டுல சொல்லி வச்சிருக்கறேன். என்ற பொண்ணு பி.டி. டீச்சர், இறகாட்டம் இருக்கமாட்டா, அதையும் சொல்லிப் போடறேன்.

காலுக்கு என்னன்னு மறைக்காம எழுது.

உன்ற அக்கா,
சாரதாமணி


ராய்ப்பூர் கேம்ப்
21.7.2024

அக்காளுக்கு நாச்சிமுத்து எழுதறதுங்க. ஆத்தா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கறோம். மச்சானுக்கு முட்டி வலி தேவலைங்களா? கோழி வெலை ஏறியிருக்குதாமா, கேட்டு சந்தோசமுங்க.

அன்பழகனுக்கு வாயில பூட்டுப் போடோணும். சரி, சொல்றேன். முன்னால ஒருக்கா ரிக்குல இருந்து ராடு நழுவி எடது கணுக்கால்ல உழுந்துச்சு பாருங்க, அந்த எலும்பு கோணலாக் கூடியிருக்குதாமா. இத்தன வருசமா அதுமேலயே நின்னு போர் போட்டதுல மூட்டுல இருந்த சவ்வு தேஞ்சு, இப்ப எலும்போட எலும்பு ஒரசுது. காத்தால எந்திரிச்சுக் காலை ஊணுனா உசுரு போயிட்டு வருதுங்க.

ஐதராபாத்துல ஒரு டாக்டரம்மாளைப் பாத்தேன். ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு, கணுக்காலை ஸ்க்ரூ போட்டு ஒட்ட வெச்சர்றது. வலி போயிரும், பாதம் மட்டும் மேல கீழ அசையாது. இன்னொண்ணு, தேஞ்சதை எடுத்துப்போட்டு புது மூட்டு வெக்கறது. மேல ஒரு உலோகம், கீழ ஒரு உலோகம், நடுவால பிளாஸ்டிக்கு. நம்ம பேரிங் மாதிரிதாங்க. "உங்களை மாதிரி பாடுபடற ஆளுக்கு ஒட்ட வெக்கறதுதான் ஒறப்பு"ன்னு சொன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். தமிழினி கண்ணாலத்துல வெறகுக் கட்டையாட்டம் காலை இழுத்துட்டு வரவா? எனக்குப் புது மூட்டுத்தான்.

அதுக்கு அவங்க ஒரு பாட்டம் சொன்னாங்க. கணுக்கால் முன்னாடி தோல் மெலிசு, காயம் ஆற நாளாவும், சக்கரைக்காரனுக்கு இன்னும் நாளாவும். சீழ் புடிச்சா வெச்ச மூட்டையே கழட்ட வேண்டி வரும். பாதத்துல கொஞ்ச எடம் மரத்துப் போலாம். பத்துப் பதினஞ்சு வருசம் உழைக்கலாம், அதுக்குள்ளயே லூசாவலாம், பிளாஸ்டிக்குத் தேயலாம். மறுக்கா கத்தி வெச்சா எலும்பு கொஞ்சமாத்தான் மிச்சமிருக்கும். பீடியை உட்டாத்தான் தேதி குடுப்பேன்னு வேற சொல்லிட்டாங்க, உட்டுட்டேன். இன்னும் ரெண்டு மூணு சொன்னாங்க. அதெல்லாம் பெருசில்லைங்க.

ஆவணி மாசம் ஆபரேசன். தமிழினி அம்மிணிகிட்டச் சொல்லுங்க, மாமன் சிங்கமாட்டமே வருவேன்.

தங்கள் தம்பி,
நாச்சிமுத்து


எருமப்பட்டி
5.8.2024

தம்பிக்கு அக்கா எழுதறது. நாங்க சொகம். மச்சான் முட்டி அப்படியேதான் இருக்குது, அவரு வாயும் அப்படியேதான் இருக்குது.

லெட்டரைத் தமிழினி சத்தமாப் படிச்சா. பீடியை உட்டுட்டேங்கறதைக் கேட்டு மச்சான் எந்திரிச்சு நின்னுட்டாரு. நான் சொல்லி நீ கேக்கல, நம்ம அம்மா சொல்லி நீ கேக்கல, ஊரு பேரு தெரியாத ஒரு டாக்டரம்மா சொல்லிக் கேட்டிருக்கற. அந்தப் புண்ணியவதி நல்லா இருக்கட்டும்.

காயத்தைப் பத்தி நான் சொல்றதைக் கேளு. நம்ம பண்ணையில கலெக்டரே வந்தாலும் மருந்துத் தொட்டியில காலை நனைக்காம கொட்டாய்க்குள்ள உடமாட்டேன். ஒரு செருப்புல ஒட்டிட்டு வார சீக்கு ஒரு கொட்டாய்க் கோழியை அள்ளிட்டுப் போயிரும். அதே மாதிரி உன்ற ரூமுக்குள்ள கண்ட கண்ட ரிக்குக்காரப் பசங்களை உடாத. தமிழ்ச்செல்வியைக் கதவுல நிக்கச் சொல்லு, கையைக் கழுவாம ஒருத்தன் உள்ள வரக்கூடாது.

அப்பறம் அந்த "இன்னும் ரெண்டு மூணு" என்னன்னு எழுதல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியோணும். புது மூட்டு வெச்ச பொறவு பாரம் தூக்கலாமா? கேட்டு எழுது.

சாரதாமணி


ஐதராபாத்
12.10.2024

அக்காளுக்கு வணக்கமுங்க. மச்சானும் அம்மிணியும் நல்லா இருக்கறாங்களா? மழை பேஞ்சுதா? இங்க தமிழ்ச்செல்வி கதவுலயே நிக்கறா. ஆஸ்பத்திரிச் சிப்பந்தியையே கையைக் காட்டச் சொல்லிப்போட்டா. எல்லாம் நீங்க எழுதுனதால வந்த வெனை.

ஆபரேசன் முடிஞ்சுது. காயம் டாக்டரம்மா சொன்னாப்பலயே சீக்கிரம் ஆறல. ஓரத்துல கருத்து, தண்ணி வுட ஆரம்பிச்சுது. சீழோன்னு பயந்து போயிட்டோம். சத்தியமாச் சொல்றேங்க்கா, ஆயிரம் அடியில தண்ணி வராத போருலகூட நான் அப்படி உக்காந்ததில்ல. மருந்து வெச்சுக் கட்டிக் கட்டி, சக்கரையைக் கட்டுக்குள்ள வெச்சு, இப்பத்தான் மூடியிருக்குது. பெருவெரல் பக்கம் கொஞ்சம் மரத்துத்தான் கெடக்குது, எறும்பு ஊருனாத் தெரியாது.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கட்டைப் பிரிச்சுப்போட்டு, "பாதத்தை ஆட்டுங்க"ன்னாங்க. ஆட்டுனேன். ஆடுச்சு! கரகரன்னு சத்தமில்ல, வலியில்ல, தானா மேல வந்துச்சு, தானாக் கீழ போச்சு. முழுசா இல்லைங்க, அந்தக் காலத்துக் காலாட்டம் வராதுன்னு சொல்லித்தான் வெச்சாங்க. இருந்தாலும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தமிழ்ச்செல்வி பாக்கறதுக்குள்ள தொடச்சிட்டேன்.

இனி பூட்சு மாதிரி ஒண்ணு போட்டு நடக்கப் பழக்குவாங்களாமா. பண்ணையை நல்லாப் பாத்துக்குங்க. அம்மிணிக்குப் பட்டு எடுத்தாச்சுங்களா? என்ன கலரு?

நாச்சிமுத்து


எருமப்பட்டி
3.11.2024

தம்பிக்கு. தீவாளி நல்லபடியாப் போச்சு. நீ இல்லாத குறை ஒண்ணுதான். உன்ற காயம் ஆறுனதுக்கு எருமப்பட்டி மாரியாத்தாளுக்குப் பொங்க வெச்சேன். பாதம் ஆடுச்சுன்னு நீ எழுதுனதை ஊர்ல பாதிப் பேருக்குப் படிச்சுக் காட்டியாச்சு. என்ற தம்பி எதுக்கும் அஞ்சாதவன்னு சொன்னேன், அழுததை மட்டும் படிக்கல.

பட்டு அரக்குக் கலரு. எலம்புள்ளையில எடுத்தோம்.

இங்க ஆளுக ஊருக்குப் போயிட்டாங்க. தீவன வண்டி வந்து நிக்குது, எறக்க ஆளில்ல. நானே முந்தானையைச் சொருவிட்டு மூட்டையை முதுகுல வாங்கி எறக்கிப்போட்டேன். மச்சான் முட்டியைப் புடிச்சுட்டு "வேண்டாம் சாரதா, வேண்டாம் சாரதா"ன்னாரே ஒழிய எந்திரிக்கல. இந்த வயசுலயும் ஒரு மூட்டை எனக்குத் தலகாணி மாதிரிதான். பொறாமைப்படாத.

பட்டுக் கலரைக் கேட்ட, பண்ணையைக் கேட்ட, மழையைக் கேட்ட. நான் கேட்டதுக்குப் பதில் காணோம். லெட்டர்ல ஒருக்காக் கேட்டேன், அன்பழகன் கிட்ட வாய்வார்த்தையா ஒருக்காக் கேட்டு உட்டேன். இது மூணாவது. பாரம் தூக்கலாமா, கூடாதா? அதை மட்டும் ஒரு வரி எழுது சாமி.

சாரதாமணி


எருமப்பட்டி
9.2.2025

நாச்சிமுத்து,

எப்படி இருக்கற? பொங்கலுக்கும் உன்ற கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. அன்பழகன் ரெண்டு நடை வந்துட்டுப் போயிட்டான். கேட்டா "நல்லா இருக்கறாருங்க"ன்னு கீழ பாத்துச் சொல்றான். நல்லா இருக்கறவனைப் பத்திச் சொல்றதுக்கு எதுக்குடா தரையைப் பாக்கோணும்?

நேத்து உன்ற நம்பரை அழுத்திப்போட்டேன். அடிக்கறதுக்கு முன்னால கட் பண்ணிட்டேன். ஆத்தாளுக்குப் பயந்து இல்ல. நீ எடுக்காமப் போயிட்டா என்ன பண்றதுன்னு பயந்து.

எழுது.

அக்கா


ராய்ப்பூர் கேம்ப்
2.3.2025

அக்காளுக்கு நாச்சிமுத்து எழுதறது. உசுரோட, சொகமா இருக்கறேன். அதை மொதல்ல எழுதிப்போடறேன். தமிழ்ச்செல்வி எங்கூடப் பேசறதில்ல, அவளும் சொகம்.

மார்கழியில நடை நல்லாவே வந்துருச்சுங்க. குச்சியில்லாம நடந்தேன். வலியில்லாத நடை எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போயிருந்துச்சு. அந்தக் குசியில கேம்ப்புக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாம்னு அன்பழகன் லாரியில ஏறுனேன். பசங்க எல்லாம் மாலையோட நின்னாங்க. வண்டி நின்னுச்சு, கதவைத் தொறந்தேன், குதிச்சேன்.

நீங்களே சொல்லுங்க, லாரிக்காரன், ரிக்குக்காரன் எவனாவது படி வெச்சு எறங்கி நீங்க பாத்திருக்கறீங்களா? கதவைத் தொறந்தா குதிக்கறதுதான். மீசை மொளைக்காத வயசுல இருந்து குதிச்ச காலுங்க. "குதிக்கக்கூடாது"ன்னு டாக்டரம்மா சொன்னது நடுவானத்துல இருக்கறப்பத்தான் ஞாவகம் வந்துச்சு.

மூட்டுக்குப் பக்கத்து எலும்புல விரிசல். மாலையைப் போட்ட கையோட தூக்கிட்டுப் போனாங்க. மூட்டு நல்லவேளையா நகரல, மாவுக்கட்டோட தப்பிச்சேன். டாக்டரம்மா திட்டவே இல்லைங்க, அதுதான் தாங்க முடியல. "இன்னொருக்கா இப்படி ஆனா மூட்டைக் கழட்டி ஒட்டத்தான் வெக்கோணும், அதுக்கும் எலும்பு பத்துமான்னு பாக்கோணும்"னு மட்டும் சொன்னாங்க. இப்பக் கட்டுப் பிரிச்சாச்சு, திரும்ப அடி எடுத்து வெக்கறேன். அதான் லெட்டர் எழுதல. என்னன்னு எழுதறது?

நீங்க மூணு தடவை கேட்டதுக்கு இப்பச் சொல்லிப்போடறேன். கூடாதுங்க. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கத்தி வெக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டாங்க. அந்த ரெண்டு மூணு இதுதான். நடக்கறதுக்குத்தான் இந்தக் காலு, சுமை சுமக்கறதுக்கு இல்லைன்னாங்க. ரிக்கு மேல நின்னு ஓட்டறதும் இனி இல்ல. கீழ சேர் போட்டு உக்காந்து மேனேஜர் வேலை பாக்கச் சொல்லிட்டாரு மொதலாளி.

ஆனா தமிழினியைத் தூக்குவேன். இது சபதம். ஒரு சுத்துத்தானுங்க. அதுக்கப்பறம் மூட்டு லூசானா ஆவட்டும். இல்லீன்னாச் சொல்லுங்க, ரிக்கு லாரியையே மண்டபத்துக்குக் கொண்டாந்து அம்மிணியை ராடு தூக்கற விஞ்சுல மாட்டித் தூக்கிப்போடறேன்.

நாச்சிமுத்து


எருமப்பட்டி
16.3.2025

தம்பிக்கு. இங்க எல்லாரும் சொகம். உன்ற லெட்டரைப் படிச்ச பொறவு நான் மட்டும் ரெண்டு வேளை சோறு திங்கல.

விஞ்சுல மாட்டறதுக்கு என்ற மவ என்ன ராடா?

அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, கோவம் எல்லாத்துக்கும் மேல வந்துச்சு. பாரம் தூக்கக்கூடாதுன்னு தெரிஞ்சே அந்தக் காலை வாங்கியிருக்கற. சபையில நொண்டாம நடந்து வரோணும்னு ஒட்ட வெக்கறதை வேண்டாம்னிருக்கற. எல்லாம் நான் சிங்கம் சிங்கம்னு சொன்னதுக்கு. உன்னையத் திட்டறதா, என்னைய நானே திட்டிக்கறதான்னு தெரியல.

இப்பக் கேட்டுக்க. நீ தூக்கக்கூடாது. தூக்குனீன்னா நான் மண்டபத்தை உட்டு எறங்கிப் போயிருவேன். கண்ணாலம் ஒரு நாளு. காலு நீ சாவற வரைக்கும். எனக்குச் சபையும் வேண்டாம், சம்பந்தியும் வேண்டாம், என்ற தம்பி வலியில்லாம நடக்கோணும்.

"அப்ப யாரு தூக்கறது?"ம்ப. வழக்கத்தை நான் உடமாட்டேன்னும் உனக்குத் தெரியும். நீ பட்டு வேட்டி கட்டிட்டு வந்து சேரு, மத்ததை நான் பாத்துக்கறேன். தமிழினி என்னைய விடியால எந்திரிச்சுக் குந்தி எந்திரிக்கச் சொல்றா, ஏதோ எக்சர்சைசாமா. பி.டி. டீச்சரைப் பெத்தா இதுதான் கெதி.

லாரியில வந்தா படி வெச்சு எறங்கு.

சாரதாமணி


ராய்ப்பூர்
18.6.2025

அக்காளுக்கு நாச்சிமுத்து எழுதறதுங்க. நல்லபடியா வந்து சேந்தோம். மச்சானுக்கு என்ற வணக்கத்தைச் சொல்லுங்க. பொண்ணு மாப்பிள்ளை மறுவூடு வந்துட்டுப் போயிட்டாங்களா?

நேர்ல சொல்ல வரலைங்க. அதனால எழுதறேன்.

உங்ககிட்டச் சொல்லாமத் தூக்கிப்போடறதுன்னு முடிவு பண்ணித்தான் வந்திருந்தேன். வேட்டிக்குள்ள கணுக்காலுக்கு இறுக்கமாப் பட்டை சுத்தியிருந்தேன். கண்ணாலம் நடத்தி வெக்கற அருமைக்காரரு "தாய்மாமன் முன்னால வாங்க"ன்னு கூப்பிட்டதும் அடி எடுத்து வெச்சேன். நீங்க குறுக்க வந்தீங்க. பட்டுச்சேலை முந்தானையை இழுத்து இடுப்புல சொருவிட்டு, "தள்ளு"ன்னு ஒரு வார்த்தை. நம்ம அம்மா கொரலுங்க அது. நான் தள்ளிட்டேன்.

அம்மிணியைத் தீவன மூட்டையாட்டம் ஒரே மூச்சுல தூக்குனீங்க. சபையே எந்திரிச்சுது. அருமைக்காரரு "இது வழக்கமில்லைங்களே அம்மா"ன்னாரு. அதுக்கு நீங்க சொன்னதை நான் சாவற வரைக்கும் மறக்கமாட்டேன். "அவன் காலு ரிப்பேருன்னா என்ற காலு நல்லாத்தானே இருக்குது? ரெண்டும் ஒரே வயித்துல வந்த காலுங்க. வழியை உடுங்க, பொண்ணு கனக்குது." அவரு வழியை உட்டுட்டாரு. சென்னம்மா பெரியம்மாதான் மொதல்ல கொலவை போட்டுது. அப்பறம் ஒட்டுக்காப் போட்டாங்க, மேளம் கேக்கல.

நான் ஓரமா ஒதுங்கப் பாத்தேன். "நீ என்ன நிக்கற? அவ காலுக்கடியில கையை வெய்யி, மாமன் கையைத் தாண்டி மண்ணுல படக்கூடாது"ன்னீங்க. அம்மிணியோட ரெண்டு பாதத்துக்கும் கீழ என்ற கையை வெச்சுட்டு, உங்க பக்கத்துலயே நாட்டுக்கல்லைச் சுத்தி நடந்தேன். குச்சியில்ல, நொண்டல் இல்ல. டாக்டரம்மா நடக்கறதுக்குத்தான் அந்தக் காலைக் குடுத்தாங்க. நடந்தேங்க்கா.

பந்தியில சம்பந்தி வகையறா ஒருத்தரு எங்கிட்டயே வந்து, "யாருங்க அந்தம்மா, எந்த ஊரு?"ன்னாரு. எலையில இருந்து எந்திரிச்சு நின்னு சொன்னேன், "என்ற அக்காங்க"ன்னு. இதுக்கு மேல ஒரு மாமன் சீரு எனக்கு வேண்டாம்.

ஒண்ணு கேக்கோணும். மணவறையில எறக்குனப்ப உங்க கை இடுப்புக்குப் போச்சு. யாரும் பாக்கல, நான் பாத்தேன். இடுப்பு எப்படி இருக்குதுங்க?

நாச்சிமுத்து


எருமப்பட்டி
29.6.2025

தம்பிக்கு அக்கா எழுதறது. இங்க மச்சான் சொகம், மறுவூடு வந்துட்டுப் போன புள்ளைக சொகம், கோழிக சொகம். கையெழுத்துக் கோணலா இருந்தாப் பொறுத்துக்க, படுத்துட்டே எழுதறேன்.

வீடியோக்காரன் காசெட்டோ பென்டிரைவோ என்னமோ குடுத்தான், வாரவங்க எல்லாத்துக்கும் போட்டுக் காட்டறேன். எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. நான் உன்ற காலைப் பாக்கறேன். என்னமாய் நடக்கறடா! பாதம் மடங்கி எந்திரிக்கறது வேட்டிக்குக் கீழ அப்படியே தெரியுது. அந்த எடம் வந்தா நிறுத்தச் சொல்லி மறுக்காப் போடச் சொல்றேன். சிங்கம்னு சொன்னது பொய்யில்ல, சம்பந்தியம்மாளே ஒத்துக்கிட்டாங்க.

அருமைக்காரரு நேத்து ஊட்டுக்கே வந்து காப்பி குடிச்சாரு. அடுத்த முகூர்த்தத்துல ஒரு பொண்ணோட மாமனுக்கு ஹார்ட் ஆபரேசனாமா. "உங்களை மாதிரியே அந்தப் பொண்ணோட பெரியம்மா தூக்கட்டுமுங்களா"ன்னு எங்கிட்ட ஓசனை கேக்கறாரு. தாராளமாங்கன்னேன். மச்சான் அவருக்கு முன்னாலயே மீசையை முறுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அவரே தூக்குனாப்பல.

ஆத்தாளுக்கு ஒரு சேவலைக் குடுத்துச் சத்தியத்தை முடிச்சுக்கலாம், அக்காளும் தம்பியும் போன்லயே பேசிக்குங்கன்னு மச்சான் சொல்றாரு. நான் வேண்டாம்னுட்டேன். போன்ல நீ நல்லா இருக்கறேன்னா நான் நம்பிப்போடுவேன். லெட்டர்னா நீ எதை எழுதாம உட்டிருக்கறேன்னு எனக்குப் பட்டுனு தெரிஞ்சு போவுது.

பண்ணையில புதுக் குஞ்சு எறக்கியாச்சு. மழையும் பரவால்ல. தமிழ்ச்செல்வியை நான் கேட்டதாச் சொல்லு.

சாரதாமணி


ராய்ப்பூர்
8.7.2025

அக்கா,

கோழி எப்படின்னு எழுதியிருக்கறீங்க, மழை எழுதியிருக்கறீங்க, மச்சான் மீசை வரைக்கும் எழுதியிருக்கறீங்க. இடுப்பைக் கேட்டேன், பதில் காணோம்.

இந்த மாசக் கடைசி சனிக்கெழமை நாமக்கல் எலும்பு டாக்டருகிட்ட உங்க பேருக்கு டோக்கன் போட்டாச்சு. அன்பழகனோட அடுத்த நடை லாரியில நானே வாரேன். முடிஞ்சா வாசலுக்கு வந்து நின்னு பாருங்க, படி வெச்சுத்தான் எறங்குவேன்.

நாச்சிமுத்து